கடைசி பஸ்ஸுக்கு முன்னால்

மகள் பெட்டியோடு வந்து இறங்கி மூன்று வாரமாகிறது. இந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் 'மாப்பிள்ளை' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் அவள் அப்பா, பஸ் டிரைவர், 'அந்த ஆள்' என்றார். அவர் மனைவி 'அவர்' என்றாள். மகள் எதுவும் சொல்லாமல் டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. பாதி பெயின்ட் அடித்து விட்ட படுக்கையறைச் சுவர். பாதியில் நின்ற கிடார் வகுப்பு. கதவு மாட்டாத அலமாரி. "உன் வாழ்க்கைல ஒரு விஷயத்தையாவது முழுசா முடிச்சிருக்கியா?" என்று அவள் கணவனைக் கேட்டாள். அவன் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் பெட்டியை எடுத்துவிட்டாள்.

மறுநாளே அவன் போய் முழு மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தது நமக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் ஒருவருக்கும் தெரியாது.

பயிற்சி என்று அவன் செய்ததெல்லாம் ஒரு ஜோடி ஷூ வாங்கியதுதான். "இந்த வெயில்ல ஓடப்போறீங்களா சார்?" என்று ஷூ கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் பேக்கரி வெச்சிருக்கேன். விடிஞ்சா அடுப்பு முன்னாடி நிக்கிறவன். வெயில் என்னை என்ன பண்ணிடும்?" என்றான் அவன்.

என்ன பண்ணும் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று சூரியன் கிளம்பும்போதே கோபத்தோடு கிளம்பியது. வெளியே வராதீர்கள், வந்தால் நிழலில் நில்லுங்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஓட்டத்தை நடத்துகிறவர்கள் நேரத்தை முன்னால் தள்ளி, இருட்டு பிரியும் முன்பே துவக்கிவிட்டார்கள். முடியாதவர்கள் எந்த இடத்திலும் விலகிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

விலகிக்கொள்கிறவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் வேண்டுமே! டிப்போவிலிருந்து அனுப்பிய அந்த பஸ்ஸுக்குத்தான் நம் டிரைவர்.

"ரொம்ப சிம்பிள்" என்றார் டிப்போ மேனேஜர். "எல்லாருக்கும் கடைசியா ஓடுறவருக்குப் பின்னாடி மெதுவாப் போகணும். அந்தந்த இடத்துல குறிச்ச நேரத்துக்கு நீங்க போய்ச் சேரணும். அதுக்குள்ள யாரை பஸ் தாண்டுதோ, அவர் ஓட்டம் முடிஞ்சுது. ஏத்திக்கணும். உங்களுக்குப் பின்னாடியே ரோட்டைத் திறந்துடுவாங்க."

"அழுதா?"

"அழுதாலும் ஏத்திக்கணும்."

டிரைவருக்கு அது பிடித்திருந்தது. நேரத்துக்கு வராத பயணிகளை விட்டுவிட்டுப் போயே பழகியவர். தாமதமாக வருகிறவர்களைத் துரத்திப் போய்ப் பிடிக்கும் வேலை இதுவரை வாய்த்ததில்லை.

பத்து மணிக்குள் பஸ்ஸில் பாதி நிரம்பிவிட்டது. கால் பிடித்துக்கொண்டவர்கள், தலை சுற்றியவர்கள், செருப்பில்லாமல் சூட்டில் நின்றவர்கள் போல் மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள். நடுவில் பெரிய பெரிய ஐஸ் பெட்டிகள், தண்ணீர் கேன்கள். முன் சீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்து, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் வரவேற்றார். "வாங்க, வாங்க, புத்திசாலிங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்!"

ஒவ்வொருவராக ஏறி, கடைசியில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு முதுகு மிச்சமிருந்தது.

கொஞ்சம் குண்டான முதுகு. வலது முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, விலாவோடு ஒரு ட்ரேயை இடுக்கிக்கொண்டு போவது போல. டிரைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இந்த முழங்கையை எங்கோ பார்த்திருக்கிறாரே! கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கேக் டப்பாவை அப்படித்தானே இடுக்கிக்கொண்டு...

அவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

"என்ன சார்?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுமில்ல. தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கு."

பஸ்ஸை அவன் பக்கத்தில் கொண்டுபோய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மூன்று வாரம் கழித்து மாமனாரும் மருமகனும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் முகம் அடுப்பிலிருந்து எடுத்த நிறத்தில் இருந்தது.

"என்ன இது?" என்றார் டிரைவர்.

"ஓடிட்டிருக்கேன் மாமா."

"அது தெரியுது. எதுக்கு?"

மூச்சு வாங்கியது அவனுக்கு. "முடிக்கணும் மாமா."

"ஏறுங்க. நீங்கதான் கடைசி. மூணு சீட் காலியா இருக்கு."

"தாண்டிடாதீங்க மாமா. தாண்டினா நான் அவுட்டு. ப்ளீஸ்."

இப்படி ஒரு ப்ளீஸை டிரைவர் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸைப் பார்த்ததும் தாய் முகத்தைப் பார்த்த மாதிரி ஓடிவந்து ஏறினார்கள். இவன் என்னடாவென்றால் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறான்! வேகம் என்று சொல்வது மரியாதைக்காக.

ஆக்ஸிலரேட்டரில் ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேலை. அவன் தோற்றுப்போவான். இன்னொரு பாதிச் சுவராக இந்த ஓட்டமும் மகளின் பட்டியலில் சேரும். டிரைவர் அழுத்தவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "கடைசி பஸ், ஏன் இன்னும் பாலத்துக்கு வரல? ரோட்டைத் திறக்கணும்."

"இன்ஜின் சூடாகுது சார்" என்றார் டிரைவர். "மெதுவாத்தான் வர முடியும்."

வாத்தியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். "யார் சார் அது?"

"பொண்ணு புருஷன்."

அதற்குப் பிறகு பஸ்ஸே மாறிவிட்டது. வாத்தியார் பின் சீட்டு வரை செய்தியைப் பரப்பினார். தண்ணீர் பாட்டில்களை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். "விடாதீங்க பிரதர்!" என்று கத்தினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் திரும்பியதும், டிரைவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. 'பரவாயில்லையே இந்த ஆளு!'

போனை வாத்தியாரிடம் கொடுத்து வீட்டுக்குப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்தது.

"அந்த ஆளு மாரத்தான் ஓடுறாரு. என் பஸ்ஸுக்கு முன்னாடி, பாலத்துக்கிட்ட" என்றார் டிரைவர்.

"எந்த ஆளு?"

"அதான்... அவர்."

"இந்த வெயில்லயா? நீங்க என்ன பார்த்துட்டிருக்கீங்க? ஏத்துங்க முதல்ல!"

"ஏற மாட்டேங்கிறாரு."

"ஏற மாட்டேன்னா விட்டுடுவீங்களா? டிக்கெட் இல்லாதவனைக் காலரைப் பிடிச்சு இறக்குவீங்க, ஒருத்தரை ஏத்தத் தெரியலையா?" என்று போனை வைத்துவிட்டாள்.

நகரத்தின் இன்னொரு மூலையில், கூரை போட்ட நீச்சல் குளத்தில், மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தாறு வாண்டுகள் மல்லாந்து மிதக்கப் பழகிக்கொண்டிருந்தன.

"உடம்பை விடு. விறைச்சுக்காத. தண்ணி தாங்கும்" என்று ஒரு சின்னப் பெண்ணின் முதுகுக்கடியில் கையை வைத்துக்கொண்டிருந்தபோது, ஆபீஸ் பெண் ஓடிவந்தாள். "மிஸ், உங்க அம்மா லைன்ல இருக்காங்க. அவசரமாம்."

ஈரக் கையோடு வாங்கினாள்.

"உன் புருஷன் ஓடிட்டிருக்காருடி!"

மகளுக்கு ஒரு கணம் தரை நழுவியது. "யாரோட?"

"யாரோடயும் இல்ல, தனியா! கூட ஓடினவங்க எல்லாம் முன்னாடி போயாச்சு. இவர் மட்டும் பாலத்துக்கிட்ட உங்கப்பா பஸ்ஸுக்கு முன்னாடி ஓடிட்டிருக்காரு. மாரத்தானாம்!"

மகள் சிரிக்கத்தான் போனாள். சிரிப்பு வாய் வரை வந்து நின்றுவிட்டது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெறிச்சோடிக் கிடந்த சாலையைப் பார்த்தாள். தார் மின்னியது. ஒரு நாய்கூட இல்லை.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சாரு?"

"இருட்டுலயே ஆரம்பிச்சுட்டாங்களாம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வாண்டுகளைக் கரையேற்றி ஆபீஸ் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, நீச்சலுடைக்கு மேலேயே ட்ராக் பேண்ட்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். சொட்டச் சொட்ட இருந்த தலைமுடி முதல் சிக்னல் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பஸ் பாலத்தைத் தாண்டியதும் வாத்தியார்தான் முதலில் கவனித்தார்.

"சார், அவர் சட்டையைப் பாருங்க."

"என்ன?"

"அப்பலேருந்து நனைஞ்சு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இப்ப காஞ்சுபோயிருக்கு. வேர்வை நின்னுடுச்சு சார். அது நல்லதுக்கில்ல."

டிரைவர் பார்த்தார். சட்டையில் உப்புக் கோடுகள் வரைபடம் போலப் படிந்திருந்தன. மாப்பிள்ளை நேராக ஓடவில்லை. வெள்ளைக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடிப் போனான். நிமிர்ந்து உட்கார்ந்த பெருமை எல்லாம் டிரைவருக்குள் சடாரென்று சரிந்தது. 'நான்தான் விட்டேன். நேரத்துக்கு பஸ்ஸை ஓட்டியிருந்தா இந்நேரம் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருப்பாரு.'

பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். பின்னால் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்படிக் கொதித்தது.

"போதும் மாப்பிள்ளை. வாங்க."

"பன் எல்லாம் வெளிய எடுத்தாச்சா?" என்றான் அவன்.

"என்ன?"

"கருகிடும். டைமர் அடிச்சிருச்சு, யாருமே எடுக்கல." கண் அவரைப் பார்த்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. பிறகு ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினான். "மாமா, கடையை வேற ஆளுக்குக் கைமாத்திட்டேன். அவகிட்டச் சொல்லிடாதீங்க. முடிச்சுட்டு நானே சொல்லிக்கிறேன்."

டிரைவர் திகைத்து நின்றார். உளறலா, நிஜமா? பன் கருகுவது உளறல்தான். ஆனால் 'மாமா' என்று சரியாகக் கூப்பிட்டானே!

யோசிக்க நேரமில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், இருப்பதெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பதாகவும், திரும்பி வர நேரமாகும் என்றும் பதில் வந்தது. அவரும் வாத்தியாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உதறினான். எங்கிருந்துதான் அந்த பலம் வந்ததோ, இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓட ஆரம்பித்தான். தான் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

எதிரே தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஸ்டாண்டுகூடப் போடாமல் அப்படியே போட்டுவிட்டு, தடுப்பைத் தாண்டி மகள் ஓடிவந்தாள்.

நடுரோட்டில் அவன் முன்னால் வந்து நின்று, அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"இங்க பாரு. நான் யாரு?"

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "நீ... முடிக்கணும்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப சொல்றேன், இதை முடிக்காத. பாதிலயே விட்டுடு. கேக்குதா? விடு."

"இன்னும் கொஞ்சம்தான்..."

"ஏறுடா பஸ்ல!"

அப்பா எதிரில் கணவனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு எப்படியும் அவள் கூப்பிட்டதில்லை. டிரைவர் காதில் விழாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவன் என்னவோ அந்த 'டா'வைக் கேட்டதும் ஒரு குழந்தை மாதிரித் தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே அவள் மேல் சரிந்தான்.

தூக்கி பஸ்ஸுக்குள் போட்டார்கள்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்கு விடுங்க. போற வழில இங்கயே குளிர வைக்கணும், ஒரு நிமிஷம்கூடத் தள்ளக்கூடாது." நீச்சல் குளத்தில் வருஷா வருஷம் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் அவள். "ஐஸ் பெட்டி எல்லாத்தையும் கவுத்துங்க! கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. சார், நீங்க தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க. மத்தவங்க விசிறுங்க!"

கவிழ்த்தார்கள். பஸ் தரை முழுக்க ஐஸும் தண்ணீருமாகப் புரண்டது. நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டைகளைக் கிழித்து எல்லாரும் விசிறினார்கள். காலையிலிருந்து எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவர்கள்கூட எழுந்து நின்று விசிறினார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வயர்லெஸ் கத்தியது. "கடைசி பஸ், எங்க திரும்புறீங்க? அது உங்க ரூட் இல்ல!"

"தெரியும் சார்" என்றார் டிரைவர். "எழுதிக்குங்க."

பஸ் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, போட்ட வழியை விட்டு அவர் விலகியதில்லை. அன்று ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஒரு தெருவுக்குள் புகுந்தார்.

பாதி வழியில், பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அப்பா! 'ஜில்லுனு இருக்கு, போதும்'ங்கிறாருப்பா!"

பஸ் முழுக்கக் கைதட்டல். டிரைவருக்கு எதிரே சாலை கலங்கித் தெரிந்தது. வைப்பரைப் போட்டார். போட்ட பிறகுதான் மழை இல்லை என்பது நினைவு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். டிரைவர் எழுந்து நின்றார். மகள் எழவில்லை. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நல்லா இருக்கார்" என்றார் டாக்டரம்மா. "சிறுநீரகம் எப்படி இருக்குனு பார்க்கணும், அதனால ராத்திரி இங்கயே இருக்கட்டும். பஸ்ல ஐஸ் போட்டது யாரு?"

மகள் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல.

"இங்க வந்து சேர்ற வரைக்கும் அப்படியே விட்டிருந்தா, நான் இப்ப வேற மாதிரி பேசிட்டிருப்பேன்." அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நம்பர் அட்டைத் துண்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். அழுது முடிக்கிற வரைக்கும் எடுக்க ஏதாவது இருந்தது.

பிறகு பஸ்ஸுக்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று வெளியே வந்தார். வாசலில் குறுக்கே நின்ற பஸ்ஸில் ஒருவர்கூட இறங்கிப் போயிருக்கவில்லை. அத்தனை பேரும் ஜன்னலில் இருந்தார்கள்.

"சார், என்னாச்சு?" என்றார் வாத்தியார்.

டிரைவர் பஸ் படியில் ஏறி நின்றார். "நல்லா இருக்கார். என் மாப்பிள்ளை நல்லா இருக்கார்."

இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது. சொன்னதும் வாய்க்கு நன்றாக இருந்தது. மனைவிக்குப் போன் போட்டு மறுபடியும் ஒரு தடவை சொன்னார்.

உள்ளே, கட்டிலில் கையில் ட்ரிப்ஸோடு கிடந்தவன் கண்ணைத் திறந்தான்.

"எவ்வளவு தூரம் பாக்கி?"

"பேசாம படு" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதையும் முடிக்கல, பாத்தியா?"

"நான் சுவத்தைப் பத்தியா கவலைப்பட்டேன்? பாதிச் சுவத்தோட நான் படுத்துத் தூங்கலையா இத்தனை நாளா?" அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவினாள். ஜில்லென்று இருந்தன. அந்தக் குளிர்ச்சி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "நீ எதையும் சொல்ல மாட்டேங்கிற. பாதி சொல்ற, பாதியை முழுங்கிடற. அன்னிக்கும் அதேதான். நான் கேட்டேன், நீ ஏதோ சொல்ல வந்தே, நிறுத்திட்டே. என்ன சொல்ல வந்தே?"

அவன் கூரையைப் பார்த்தான். "ஒண்ணு சொல்லணும். கோபப்படாம கேட்டா..."

நர்ஸ் உள்ளே வந்தாள். ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றினாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். "இவர்தான் பஸ்ல வந்தவரா?" என்று விசாரித்து, முழுக் கதையையும் கேட்டுக்கொண்டுதான் போனாள். அவள் போனபோது டிரைவர் உள்ளே வந்தார், கையில் மூன்று டம்ளர் காபியோடு. நோயாளிக்குக் காபி கூடாது என்பது உள்ளே வந்த பிறகுதான் தோன்றியது.

"என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கு?"

"உங்க பஸ்ஸை ஈரமாக்கிட்டேன் மாமா."

"காலையிலேருந்து அடுப்பு மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் உட்கார முடியுது" என்றார் டிரைவர். மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரே அறையில் ஒரே சிரிப்பு.

மகள் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "அப்பா, நாளைக்கு இவரை டிஸ்சார்ஜ் பண்ணதும் எங்க வீட்டுக்குத்தான் போறோம். என் பெட்டியை அம்மாவை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றார் டிரைவர்.

"இவர் ஒரு வாரம் அடுப்புப் பக்கமே போகக்கூடாது. காலையில நான் போய்க் கடையைத் திறந்துக்கிறேன். நானும் பாத்துப் பாத்து ஓரளவு கத்துக்கிட்டேன், மாவு பிசைய ஆள் இருக்கான், ரொட்டி வாங்க வர்றவங்களை ஏன் திருப்பி அனுப்பணும்?" கணவன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "கடைச் சாவி எங்க வெச்சிருக்கே?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான்.

மாமனார் காபியைப் பார்த்தார்.